விற்கப்படாத நிலமும் குத்தகைக்கு வந்த காடும்: அமெரிக்க சமோவாத் தேசியப் பூங்கா பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

முகவுரை

காடுகளைப் பாதுகாக்க எடுக்கப்பட்ட முயற்சிகளின் வரலாறு பெரும்பாலும் மனிதரைக் காட்டிலிருந்து வெளியேற்றிய வரலாறாகவே அமைந்துள்ளது. 1872 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் யெலோஸ்ரோன் பிரதேசம் தேசியப் பூங்காவாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது. அங்கு நெடுங்காலமாக வேட்டையாடியும் உணவு சேகரித்தும் வாழ்ந்த பூர்வீகக் குடிகள் அடுத்துவந்த ஆண்டுகளில் அப்புறப்படுத்தப்பட்டனர். நிலம் அரசுக்குரியது, காடு மனிதரற்றது என்னும் இரு கருத்துகளும் அன்று தொட்டுத் தேசியப் பூங்கா என்ற எண்ணக்கருவின் அடித்தளமாயின. குடியேற்ற ஆட்சிகளின் வழியாக இவ்வெண்ணக்கரு ஆபிரிக்காவிலும் ஆசியாவிலும் பரவியபோது அதனுடன் வெளியேற்றமும் சேர்ந்தே பரவியது.

இம்மரபுக்கு விலக்காக அமைந்த பூங்கா ஒன்று தென் பசுபிக்கில் உண்டு. அதுவே அமெரிக்க சமோவாத் தேசியப் பூங்கா. ஐக்கிய அமெரிக்காவின் தேசியப் பூங்காக்களுள் பூமத்திய ரேகைக்குத் தெற்கே அமைந்தது இது ஒன்றேயாகும். எனினும் வரலாற்று மாணவரின் கவனத்தை ஈர்க்க வேண்டியது அதன் அமைவிடமன்று, அதன் நிலவுடைமையேயாகும். இப்பூங்காவின் காடு கிராமங்களுக்குரியது. உலகின் பெரும் வல்லரசு அதனை விலைக்கு வாங்க இயலாது, கிராமத் தலைவர்களிடம் குத்தகைக்குப் பெற்றது. இந்நிலை எவ்வாறு ஏற்பட்டது, அது எவ்வளவு தூரம் நிலைக்கத்தக்கது ஆகிய இரு வினாக்களையும் இக்கட்டுரை ஆராய முற்படுகின்றது.

தீவுகளும் காடும்

சமோவாத் தீவுக்கூட்டம் எரிமலைகளால் உருவானது. அதன் கிழக்குப் பகுதியே அமெரிக்க சமோவா எனப்படும். பூங்கா அங்கு பிரதானமாக மூன்று பிரிவுகளாக அமைந்துள்ளது. பெருந்தீவாகிய துத்துயிலாவின் வடகரைச் சரிவுகள் ஒரு பிரிவு. கிழக்கே மனுவாத் தீவுகளுள் ஒன்றாகிய தாவூ மற்றொரு பிரிவு. அதனருகே உள்ள ஒஃபு, ஒலொசெங்கா என்னும் இரட்டைத் தீவுகள் மூன்றாவது பிரிவு. துத்துயிலாவில் அலாவா மலை 491 மீற்றர் உயரமுடையது. தாவூத் தீவின் லாத்தா மலை 966 மீற்றர் உயர்ந்து, பெரும்பாலும் முகிலால் மூடப்பட்டிருக்கும். மலையுச்சியிலிருந்து கடல்வரை அயன மழைக்காடு இறங்கி வருகின்றது. ஒஃபுத் தீவின் தென்கரையில் அது முருகைக்கற் பாறைகளைச் சந்திக்கின்றது.

இக்காட்டின் இயற்கையான பாலூட்டிகள் வௌவால்கள் மாத்திரமே. அவற்றுள் பழந்தின்னி வௌவால்கள் இரண்டு இனம். அவற்றைச் சமோவா மக்கள் ‘பேஆ’ என அழைப்பர். ஓர் இனம் பிரதானமாக இரவில் உணவு தேடும். மற்றையது பட்டப்பகலிலும் சிறகு விரித்துப் பறக்கும். காட்டு மரங்கள் பலவற்றின் மகரந்தச் சேர்க்கைக்கும் விதை பரம்பலுக்கும் இவையே துணைபுரிகின்றன. ஆகவே வௌவால் அழியின் காடும் காலப்போக்கில் நலிவுறும் என்பது தெளிவு.

இக்காடு மனிதர் காலடி படாத காடு எனக் கருதுதல் தவறாகும். ஒஃபுத் தீவின் தோஆங்கா என்னுமிடத்தில் பற்றிக் கேர்ச், ரெறி ஹன்ற் ஆகியோர் 1980களின் பிற்பகுதியில் நடத்திய அகழ்வாய்வுகள், ஏறத்தாழ மூவாயிரம் ஆண்டுகளாக நீடித்துவந்த குடியிருப்பின் சான்றுகளை வெளிக்கொணர்ந்தன. தாவூத் தீவின் கிழக்குக் கரையிலுள்ள சௌவா என்னும் தலமே பொலினீசிய மக்களின் பிறப்பிடம் என்பது மரபுவழிக் கதை. சேம்பு, ஈரப்பலா, வாழை, தென்னை ஆகியன காட்டின் ஓரங்களில் பயிரிடப்பட்டன. மருந்துக்கும் படகுக்கும் வீட்டுக்கும் வேண்டியவை காட்டினுள்ளிருந்தே பெறப்பட்டன. மனிதர் வாழ்ந்தும் எஞ்சிய காடு இது.

நிலமும் குலமும்

மனுவாத் தீவுகளைக் கலைப்பீட மாணவர் பலர் மாக்கிரட் மீட் எழுதிய நூலின் வாயிலாக அறிவர். அவர் 1925, 1926 ஆம் ஆண்டுகளில் தாவூவில் ஆய்வு நடத்தி, 1928 இல் தம் நூலை வெளியிட்டார். 1983 இல் டெறிக் பிறீமன் அதனை மறுத்து எழுதியதும் நாமறிந்ததே. அவ்விவாதம் இளம்பருவத்தினரின் வாழ்க்கையைச் சுற்றியே நிகழ்ந்தமையால், சமோவாச் சமூகத்தின் ஆதாரமாகிய நில முறைமை அதில் முன்னிலை பெறவில்லை.

சமோவாவில் நிலம் தனிமனிதனுக்குரியதன்று; ‘ஐங்கா’ எனப்படும் விரிந்த உறவுக் குழுவுக்குரியது. அக்குழு தன்னுள் ஒருவரைத் தெரிவுசெய்து பட்டஞ் சூட்டும். பட்டம் பெற்றவர் ‘மாத்தாய்’ ஆவார். எவர் எங்கே பயிரிடலாம், எவர் எங்கே வீடமைக்கலாம் என்பதை அவரே தீர்மானிப்பார். ஆயினும் அவர் நிலத்தின் உடைமையாளரல்லர், அதன் பொறுப்பாளரே. மாத்தாய்கள் கூடும் சபை ‘ஃபோனோ’ எனப்படும். கிராமத்துக்குப் பொதுவான காடு, கரை, பாறைத்திட்டு ஆகியவற்றின் பயன்பாட்டை அது ஒழுங்குபடுத்தும். குறித்த காலத்துக்கு மீன்பிடியையோ காய்பறித்தலையோ தடைசெய்யும் அதிகாரமும் அதற்குண்டு. எனவே காட்டைக் காத்தல் என்னும் கருத்து வெளியிலிருந்து சமோவாவுக்குப் போதிக்கப்பட்ட புதுமையன்று.

இம்முறைமையைப் பூரண சமத்துவமென மிகைப்படுத்தவும் கூடாது. பட்டங்களிடையே உயர்வு தாழ்வு உண்டு. பட்டமற்றோர் உழைப்பில் பட்டமுற்றோர் சிறப்புற்றதும் உண்டு. ஆயினும் நிலத்தைச் சந்தைப் பண்டமாக மாற்ற இம்முறைமை இடமளிக்கவில்லை என்பதே நமது நோக்குக்கு முக்கியமானது.

துறைமுகம் தேடி வந்தோர்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இம்முறைமை பெரும் சோதனைக்குள்ளாயிற்று. ஹம்பேர்க் நகரத்து கொடெஃப்ராய் நிறுவனம் 1857 இல் அப்பியாவில் வணிக நிலையம் நிறுவியது. தெங்கு எண்ணெய்க்கும் கொப்பராவுக்குமான தேவை பெருந்தோட்ட நிலத்தின் மீது நாட்டத்தைத் தூண்டியது. 1869 முதல் தலைவர்களிடையே மூண்ட போரில் ஆயுதம் வேண்டியோர் நிலத்தைத் துப்பாக்கிக்கு மாற்றினர். ஒரே நிலம் பலருக்கு விற்கப்பட்டது. விற்க உரிமையற்றோரும் விற்றனர். பிரித்தானிய, ஜேர்மனிய, அமெரிக்க உரிமைகோரல்கள் யாவற்றையும் கூட்டியபோது ஏறத்தாழ 17 இலட்சம் ஏக்கர் வந்தது. இது தீவுகளின் முழுப் பரப்பினும் இரு மடங்குக்கு மேற்பட்டதாகும்.

இக்குழப்பத்தைத் தீர்க்க 1889 ஆம் ஆண்டு பேர்லின் உடன்படிக்கையின் கீழ் நில ஆணைக்குழு ஒன்று அமைக்கப்பட்டது. 1891 முதல் 1894 வரை விசாரித்த அவ்வாணைக்குழு, கோரப்பட்ட பரப்பில் ஏறத்தாழ 8 சதவீதத்தையே உறுதிசெய்தது. அதே உடன்படிக்கை அந்நியருக்கு மேலும் நிலம் விற்பதையும் பெருமளவிற் தடுத்தது. ஹவாயில் நிகழ்ந்ததை இதனோடு ஒப்பிடல் பயனுடைத்து. அங்கு 1848 இன் நிலப் பங்கீடும், அந்நியர் நிலம் வாங்குவதை அனுமதித்த 1850 இன் சட்டமும் நிலத்தைச் சந்தைக்குக் கொணர்ந்தன. அந்நூற்றாண்டு முடிவதற்குள் தனியார் நிலத்தின் பெரும் பகுதி கரும்புத் தோட்ட முதலாளிகளின் கைக்குச் சென்றது. சமோவாவில் அக்கதவு பாதியிலேயே மூடப்பட்டது.

1899 இல் வல்லரசுகள் சமோவாவைப் பங்கிட்டன. மேற்குத் தீவுகளை ஜேர்மனியும் கிழக்குத் தீவுகளை ஐக்கிய அமெரிக்காவும் பெற்றன. துத்துயிலாத் தலைவர்கள் 1900 ஏப்பிரல் 17 இல் கையளிப்பு உறுதியில் ஒப்பமிட்டனர். மனுவாவின் வேந்தராகிய துயி மனுவா எலிசலா 1904 இல் ஒப்பமிட்டார். மக்களின் நிலவுரிமை மதிக்கப்படும் என்ற வாக்குறுதி உறுதியிலேயே இடம்பெற்றிருந்தது. அதே 1900 ஆம் ஆண்டில் முதலாவது கடற்படை ஆளுநர் பெஞ்சமின் ரில்லி, சுதேசிகளின் நிலம் அந்நியர் கைக்கு மாறுவதைத் தடைசெய்து ஒழுங்குவிதி பிறப்பித்தார்.

இதனை வெறும் நல்லெண்ணத்தின் விளைவெனக் கொள்ளலாமா? கடற்படைக்கு வேண்டியது தோட்டமன்று, துறைமுகம். பாங்கோ பாங்கோ விரிகுடா பசுபிக்கின் மிகச் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்று. 1878 ஆம் ஆண்டு உடன்படிக்கையிலேயே அமெரிக்கா அங்கு நிலக்கரி நிலையம் அமைக்கும் உரிமையைப் பெற்றிருந்தது. செங்குத்தான மலைகள் கொண்ட தீவிற் பெருந்தோட்டத்துக்கு வாய்ப்பும் குறைவு. தீவில் அமைதி நிலவுவதற்கு நிலம் மக்களிடம் இருப்பதே கடற்படைக்கு வசதி. ஆகவே ஏகாதிபத்தியத்தின் இராணுவ நலனும் சுதேச மக்களின் நில நலனும் ஓரிடத்தில் ஒத்துப்போயின எனலாம். இங்கு தலைவர்களின் விழிப்பையும் நாம் மறத்தலாகாது. கையளிப்பு உறுதியில் நிலத்துக்குக் காப்பிட்டது அவர்களே ஒப்பமிட்ட வாசகமாகும்.

1951 இல் நிருவாகம் கடற்படையிடமிருந்து உள்நாட்டுத் திணைக்களத்துக்கு மாறியது. 1960 இல் வரையப்பட்டு 1967 இல் திருத்தப்பட்ட அரசியலமைப்பு, சமோவாப் பரம்பரையினரின் நிலம் கைமாறுவதையும் அவர்களது வாழ்க்கைமுறை அழிவதையும் தடுத்தலே அரசின் கொள்கை என வகுத்தது. தீவுகளின் நிலத்தில் 90 சதவீதத்துக்கு மேற்பட்டது இன்றும் கூட்டுரிமையாகவே உள்ளது.

வௌவாலில் தொடங்கிய முயற்சி

பூங்காவுக்கான உடனடிக் காரணம் பழந்தின்னி வௌவாலே. குவாம் தீவில் வௌவாலிறைச்சி விருந்துணவாகப் போற்றப்படுவது. அத்தீவின் வௌவால்கள் அருகியதும் 1980களின் முற்பகுதியிற் சமோவாவிலிருந்து ஆயிரக்கணக்கான வௌவால்கள் அங்கு ஏற்றுமதியாயின. வீட்டுத் தேவைக்காக அளவோடு வேட்டையாடிய சமூகத்தில் துப்பாக்கியும் ஏற்றுமதிச் சந்தையும் ஒருங்கே நுழைந்தமையே கேட்டுக்குக் காரணம். அமெரிக்க சமோவாவில் 1986 இல் வணிக வேட்டை தடைசெய்யப்பட்டது. அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வர்த்தகம் பற்றிய உடன்படிக்கை 1989 இல் பசுபிக்கின் பழந்தின்னி வௌவால் இனங்கள் சிலவற்றின் வணிகத்தை முற்றாகத் தடுத்தது. பின்னர் 1990 பெப்ருவரியில் ஒஃபா சூறாவளியும் 1991 டிசம்பரில் வால் சூறாவளியும் காட்டைச் சிதைத்தன. உணவின்றி ஊருக்குள் இறங்கிய வௌவால்கள் எளிதில் வேட்டையாடப்பட்டன. 1992 இல் வேட்டை முழுவதுமே தடைசெய்யப்பட்டது.

இதற்கிடையில், வேட்டைத் தடை மட்டும் போதாது, காடே பாதுகாக்கப்பட வேண்டும் என்ற கருத்து வலுப்பெற்றிருந்தது. அமெரிக்கக் காங்கிரஸ் நிறைவேற்றிய பூங்காச் சட்டம் 1988 ஒக்டோபர் 31 இல் கைச்சாத்தாயிற்று. அயன மழைக்காடு, பழந்தின்னி வௌவாலின் வாழிடம், முருகைக்கற் பாறைகள், தொல்பொருள்கள், சமோவாப் பண்பாடு ஆகிய யாவும் அதன் பாதுகாப்புக்குரியனவாயின. இயற்கையும் பண்பாடும் ஒரே சட்டத்தில் இணைக்கப்பட்டமை குறிப்பிடத்தக்கது.

ஐந்து ஆண்டுக் காத்திருப்பு

சட்டம் உண்டு, பூங்காவுக்கு நிலம் இல்லை. விற்பனை சாத்தியமற்றதாகையாற் குத்தகை ஒன்றே வழியாயிற்று. ஆனாற் சந்தையே இல்லாத நிலத்துக்குக் குத்தகைப் பெறுமதியை எவ்வாறு மதிப்பிடுவது? அப்பொறுப்பு அமெரிக்க சமோவா உயர்நீதிமன்றத்திடம் விடப்பட்டது. கிராமங்களின் இணக்கமும் வேண்டியிருந்தது. சமோவாச் சபைகளில் முடிவு கருத்தொருமையால் எட்டப்படுமேயன்றி வாக்கெடுப்பால் அன்று. எனவே ஐந்து ஆண்டுகள் கழிந்தன. 1993 செப்ரெம்பர் 9 இல் தேசியப் பூங்காச் சேவை கிராமச் சபைகளுடன் ஐம்பது ஆண்டுக் குத்தகை ஒப்பந்தத்திற் கைச்சாத்திட்டது.

சட்டத்தின் நிபந்தனைகளும் கவனத்துக்குரியன. முன்னர் பயிரிட்டுவந்த இடங்களில் சமோவா மக்கள் தம் சீவனோபாயத்துக்காகத் தொடர்ந்து பயிரிடலாம்; காட்டுப்பொருள் சேகரிக்கலாம்; பூங்காவின் கடற்பகுதியில் மீன்பிடிக்கலாம். வேலைவாய்ப்பில் அவர்களுக்கு முன்னுரிமை உண்டு. பூங்காவுக்குள் செல்பவர் இன்றும் சேம்பும் வாழையும் நிற்கும் தோட்டங்களைக் காணமுடியும்.

குத்தகைக்காரர் மீது கிராமங்கள் நம்பிக்கை கொண்டனவா? 2002 இல் நிகழ்ந்த விரிவாக்கம் இதற்கு ஓரளவு விடை தருகின்றது. ஒலொசெங்காத் தீவிலும் ஒஃபுத் தீவிலும் மேலும் நிலத்தையும் கடற்பகுதியையும் சேர்க்குமாறு அங்குள்ள கிராமத் தலைவர்களே கேட்டனர். காங்கிரசும் ஏறத்தாழ 30 சதவீத விரிவாக்கத்துக்கு இசைந்தது. துத்துயிலாவில் அந்நிய இனமாகிய ‘தாமலிங்கி’ மரம் சுதேச மரங்களை மூடி வளர்ந்தபோது, கிராமத்தவர் கூலிக்கு அமர்த்தப்பட்டுப் பட்டையை வளையமாக உரித்து ஆயிரக்கணக்கான மரங்களை அழித்தனர். நிலத்துக்குரியோரின் ஒத்துழைப்பின்றி இத்தகைய பணி நிறைவேறுதல் அரிது.

அயல் சமோவாவின் அனுபவம்

குத்தகையின் பொருளை மேற்கே உள்ள சுதந்திர சமோவாவின் அனுபவம் மேலும் தெளிவாக்குகின்றது. சவாயித் தீவின் ஃபலேஅலுப்போ கிராமம் ஏறத்தாழ 30,000 ஏக்கர் காட்டைக் கொண்டது. அரசு வற்புறுத்திய பாடசாலையைக் கட்டப் பணமின்றி, 1980களின் பிற்பகுதியில் அக்கிராமம் மரம் வெட்டும் உரிமையை ஒரு நிறுவனத்துக்கு அளித்தது. அங்கு மூலிகை ஆய்வில் ஈடுபட்டிருந்த தாவரவியலாளர் போல் அலன் கொக்ஸ் பாடசாலைக்குரிய பணத்தைத் திரட்டித் தர முன்வந்தார். 1989 இல் ஏற்பட்ட உடன்படிக்கைப்படி நிலம் கிராமத்திடமே இருந்தது. காடு வெட்டப்படாது என்று கிராமம் வாக்களித்தது. இதற்காகக் கொக்சும் கிராமத் தலைவர் ஃபுயியோனோ செனியோவும் 1997 இல் கோல்ட்மன் சூழலியல் விருதைப் பெற்றனர்.

இங்கு காட்டை அழிக்கத் தூண்டியது பேராசையன்று, பாடசாலைக் கடன். நிலத்தை விற்காத சமூகமும் மரத்தை விற்கும் நிலைக்குத் தள்ளப்படலாம் என்பதை இது காட்டுகின்றது. காட்டைக் காக்கும் கிராமத்தின் ஏனைய தேவைகளுக்கு விடை காணாத பாதுகாப்பு வெறும் உபதேசமாகவே முடியும். கொக்சும் தோமஸ் எல்ம்குவிஸ்ரும் 1997 இல் எழுதிய கட்டுரையொன்றில் ‘சூழற் குடியேற்றவாதம்’ என்னும் சொற்றொடரைக் கையாண்டனர். நிதி வழங்கும் அமைப்புகள் காட்டின் மீதான அதிகாரத்தைக் கிராமத்திடம் விட்டுவைக்கத் தயங்குவதை அச்சொற்றொடர் சுட்டிற்று.

எஞ்சும் வினாக்கள்

அமெரிக்க சமோவாப் பூங்காவை முழு வெற்றியென முடித்துவிடல் இயலாது. முதலாவதாக, சட்டம் சீவனோபாயத்தை அனுமதிக்கும்போது மரபுவழிக் கருவிகளும் முறைகளும் மட்டுமே கையாளப்பட வேண்டும் என வரையறுக்கின்றது. காட்டைக் காக்கும் நோக்கில் இது நியாயமே. ஆனால் எது மரபு என்பதைத் தீர்மானிப்பவர் யார்? காலந்தோறும் மாறிவந்த மரபைச் சட்டம் ஒரு கட்டத்தில் உறையச்செய்து விடுகின்றது. மரபை வாழ்ந்தவர் அதற்கு விளக்கமளிக்கும் உரிமையைக் குத்தகைக்காரருடன் பகிரவேண்டியவராகின்றார்.

இரண்டாவது வினா மேலும் பாரதூரமானது. கூட்டுரிமை நிலைப்பதற்குக் கூட்டம் வேண்டும். ஐக்கிய அமெரிக்காவின் பெருநிலத்திலும் ஹவாயிலும் வாழும் சமோவா மக்களின் தொகை, அமெரிக்க சமோவாவில் வாழ்வோரின் தொகையைக் கடந்துவிட்டது. 2020 ஆம் ஆண்டுக் குடித்தொகைக் கணக்கெடுப்பின்போது மனுவாத் தீவுகள் யாவற்றிலும் சேர்த்து ஆயிரத்துக்குக் குறைவானோரே இருந்தனர். வேலையும் கல்வியும் தேடி இளைஞர் வெளியேறுகின்றனர். கைவிடப்பட்ட தோட்டத்திற் காடு மீள வளரும். ஆனால் ஃபோனோவில் அமர ஆளில்லாத கிராமம் காட்டைப் பற்றி முடிவெடுப்பது எவ்வாறு?

மூன்றாவதாக, குத்தகைக்கு முடிவு உண்டு. ஐம்பது ஆண்டுகள் 2043 இல் நிறைவுறும். அப்போது ஒப்பமிட வேண்டியவர் 1993 இல் ஒப்பமிட்டவரின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமாவர். அவர்கள் மறுக்கவும் கூடும். காட்டை நேசிப்போருக்கு இது அச்சந் தருவதாயினும், அம்மறுப்புரிமையே இப்பூங்காவின் சிறப்பு. மறுக்க முடியாதவரின் இணக்கம் இணக்கமாகாது.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், இப்பூங்காவின் தோற்றத்தில் நூறாண்டுக் கால நில வரலாறு செறிந்திருத்தல் புலனாகும். 1889 இன் உடன்படிக்கை, 1900 இன் ஒழுங்குவிதி, 1960களின் அரசியலமைப்பு ஆகிய எவையும் காட்டைக் கருத்திற்கொண்டு ஆக்கப்பட்டவையல்ல. நிலம் கைமாறாதிருக்க எழுப்பப்பட்ட அரண்களே அவை. ஆயினும் அவ்வரண்களின் நிழலில் காடும் எஞ்சியது. நிலத்தை இழந்திருப்பின் சமோவா மக்கள் தம் காட்டில் அனுமதிச்சீட்டுப் பெற்று நுழையும் பார்வையாளராகியிருப்பர். நிலத்தை இழக்காமையால் அவர்கள் குத்தகை கொடுப்போராயினர்.

இவ்வுதாரணத்தை எல்லா நாடுகளுக்கும் அப்படியே பொருத்த முடியாது. சிறு தீவு, குறைந்த குடித்தொகை, தோட்டத்துக்கு ஒவ்வாத மலை, துறைமுகத்தோடு நிறைவுற்ற வல்லரசு ஆகிய தனித்தன்மைகள் இங்கு ஒன்றுகூடின. எனினும் காட்டையும் மக்களையும் எதிரெதிரே நிறுத்தும் பாதுகாப்புக் கொள்கை தவிர்க்க முடியாதது என்னும் வாதத்தை மறுக்க இவ்வோர் உதாரணமே போதுமானது. காட்டைக் காப்பது எவ்வாறு என்று வினவுமுன், அந்நிலம் எவருக்குரியது, அவர்கள் இசைந்தனரா, மறுத்திருப்பின் அம்மறுப்புச் செல்லுபடியாகியிருக்குமா என்று வினவ வேண்டும். பாதுகாக்கப்பட்ட காடுகளின் வரலாற்றை எழுதுவோர் ஒவ்வொரு காட்டினிடத்தும் தொடங்க வேண்டியது இவ்வினாக்களிலிருந்தேயாகும்.